சின்ன அறையைக் காப்பாற்றப் போனவர்

உயிரே போனாலும் சின்ன அறையை விட்டுக்கொடுப்பதில்லை என்று நம்மவர் குளியலறையில் நின்று சபதம் செய்தார். சபதத்துக்கு அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அந்த வீட்டில் அவர் பேசும்போது மனைவி குறுக்கே பேசாத ஒரே இடம் அதுதான்.

சபதம் செய்யவைத்த இடி, காலைக் காபியோடு சேர்ந்தே இறங்கியிருந்தது.

"என்னங்க, அந்தச் சின்ன ரூமை நான் எடுத்துக்கலாம்னு இருக்கேன்."

நம்மவருக்குப் புரை ஏறியது. "எதுக்கு?"

"வரையறதுக்கு. டைனிங் டேபிள்ல குனிஞ்சு வரைஞ்சு வரைஞ்சு கழுத்து ஒரு பக்கமாவே நின்னுடுச்சு. நேத்து மனுஷனோட சிறுகுடலைப் பென்சில்ல போட்டு வெச்சிருந்தேன். அது மேல நீங்க காபி டம்ளரை வெச்சிருக்கீங்க."

"கவனிக்கலைம்மா."

"குடல் மேல காபி வெச்சா எவனும் கவனிப்பான். சனிக்கிழமை சாயங்காலம் பதிப்பகத்துல இருந்து பதிப்பாசிரியர் வர்றார். படத்தையெல்லாம் பார்த்து ஓகே சொன்னா அச்சுக்குப் போகும். அவரை எங்க உட்கார வைக்கிறது? உப்பு ஜாடிக்கும் மிளகு ஜாடிக்கும் நடுவுலயா?"

"அப்போ என் கம்ப்யூட்டர்?"

"அது அங்க என்ன பண்ணுது?"

என்ன பண்ணுது! ஒரு மனிதனைப் பார்த்து, உன் இதயம் உள்ளே என்ன பண்ணுது என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்? நம்மவர் குளியலறைக்குள் புகுந்ததன் காரணம் இதுதான்.

நம்மவர் ஒரு லிஃப்ட் கம்பெனியில் பராமரிப்பு மேற்பார்வையாளர். இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுபோனால், உள்ளே மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்து வெளியே நின்றபடி "பதறாதீங்க" என்று சொல்வது அவருடைய வேலை. அது வயிற்றுப்பாட்டுக்கு. உள்ளத்துக்கு, விண்டோஸுக்கு மாற்றாகக் கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸ். சின்ன அறையில் இரண்டு திரை, ஒரு கறுப்புப் பெட்டி, சுழலும் நாற்காலி, தரை முழுக்கக் கேபிள் என்று ஒரு ராஜ்ஜியமே வைத்திருந்தார். லினக்ஸுக்கு அடையாளம் பெங்குவின் என்பதால் கதவு, அலமாரி, தண்ணீர்ப் பாட்டில் என்று கை படுகிற இடமெல்லாம் பெங்குவின் ஸ்டிக்கர் ஒட்டினார். நாளடைவில் அந்த அடுக்குமாடி முழுக்க அவருக்கே பெங்குவின் என்று பெயர் வந்துவிட்டது. அதை அவர் ஒரு பட்டமாகவே எடுத்துக்கொண்டார். கொடுத்தவர்கள் அவருடைய நடையைப் பார்த்துக் கொடுத்தார்கள்.

மனைவி பள்ளிப் பாடப்புத்தகங்களுக்குப் படம் வரைபவள். இப்போது கையில் இருந்தது சின்னப் பிள்ளைகளின் அறிவியல் புத்தகம். தவளை, மண்புழு, பல் வரிசை, குடல் என்று காகிதத்தில் பென்சிலால் போட்டு, லேப்டாப்பில் ஏற்றி வண்ணம் தீட்டி, மாதக்கணக்கில் வரைந்துகொண்டிருந்தாள். மணிக்கட்டு வீங்கி, பட்டை கட்டிக்கொண்டும் வரைந்தாள். அவளுடைய லேப்டாப்பிலும் நம்மவர்தான் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தார். கேட்டுப் போட்டதல்ல. அவள் பக்கத்துத் தெருவுக்குப் போய்த் திரும்புவதற்குள் போட்டது.

குளித்து முடித்து வந்ததும் நம்மவர் தெளிவாக ஆரம்பித்தார்.

"என் மெஷின் என்ன பண்ணுதுன்னு கேட்டியே. நீ வரையற ஒவ்வொரு படமும் உன் லேப்டாப்ல இருந்து இணையத்துல இருக்கற மேகத்துக்கு, அதான் க்ளவுடுக்குப் போகுது. மேகத்துல இருந்து என் மெஷினுக்கு வருது."

"வந்து?"

"வந்து இருக்கு."

"இருந்து?"

"பத்திரமா இருக்கு! இதுக்குப் பேர்தான் சின்க். ஒரு இடத்துல வெச்சா எல்லா இடத்துலயும் வந்துடும். அத்தனைக்கும் நடுநாயகம் அந்த மெஷின்தான். அதை அங்கேயிருந்து ஓர் அங்குலம் அசைச்சாலும் எல்லாம் ஸ்தம்பிச்சுப் போயிடும்."

இது பச்சைப் பொய். லேப்டாப் தானாகவே மேகத்தோடு பேசிக்கொள்ளும். நடுவில் நம்மவரின் மெஷின் கல்யாண வீட்டில் ஓரமாக நிற்கும் தூரத்து உறவு மாதிரி. வந்ததை வாங்கி வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஆனால் அறை ஆபத்தில் இருக்கும்போது உண்மையைக் கட்டிக்கொண்டு அழ முடியுமா?

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். "பார்க்கலாம்" என்றாள்.

அந்த 'பார்க்கலாம்' நம்மவரின் தூக்கத்தைக் கெடுத்தது. தன் அருமை அவளுக்குத் தெரிய வேண்டும். தெரிய வேண்டுமானால் சின்க் ஒருமுறை படுக்க வேண்டும். அது படுத்து, மனைவி பதறி, அவர் எழுப்பிக் காட்ட வேண்டும். லிஃப்ட் நின்றால்தானே லிஃப்ட்காரனுக்கு மரியாதை!

மறுநாள் காலை அவள் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது நம்மவர் பூனை போலச் சின்ன அறைக்குள் நுழைந்தார். தன் மெஷினில் உட்கார்ந்தபடியே வீட்டு நெட்வொர்க் வழியாக அவளுடைய லேப்டாப்புக்குள் புகுந்தார். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி தட்டினார். லேப்டாப்பில் ஓசைப்படாமல் ஓடிக்கொண்டிருந்த சின்க் நின்றது. பிறகு ஒன்றும் அறியாத பிள்ளை போல வந்து செய்தித்தாளை விரித்தார்.

எதிர்பார்த்த குரல் சீக்கிரமே வந்தது.

"என்னங்க, சின்க் ஆனா என் லேப்டாப்ல வருமே, அந்தப் பச்சை டிக் காணோமே?"

"அப்படியா?" என்று எழுந்து வந்தார். முகத்தில் ஆபரேஷனுக்குப் போகும் டாக்டரின் களை. "ம்ம்... இது கொஞ்சம் சீரியஸ். டீமன் செத்துடுச்சு."

"என்னது செத்துடுச்சு?"

"டீமன். பின்னணியில கண்ணுக்குத் தெரியாம வேலை செய்யற பூதம்."

"இந்த வீட்ல கண்ணுக்குத் தெரியாம வேலை செய்யறது நான் ஒருத்திதான்னு இல்ல நினைச்சிருந்தேன்."

"விளையாடாதம்மா. பெர்மிஷன் பிரச்சினையாக்கூட இருக்கலாம்."

"யார்கிட்ட வாங்கணும்? நான் கொடுக்கறேன்."

நம்மவர் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகளை அருவி மாதிரி ஓட விட்டார். அது வேறொன்றுமில்லை, அந்த லேப்டாப்பில் இருக்கும் எழுத்துருக்களின் பட்டியல். ஓடி முடிந்ததும் திரும்ப ஓட விட்டார். நடு நடுவே "அடடா" என்றார், "நினைச்சேன்" என்றார், ஒருமுறை நெற்றியைக்கூடத் துடைத்துக்கொண்டார். காபி இரண்டு முறை வந்தது. கடைசியில், நிறுத்திய பூதத்தை ஒரு வரியில் எழுப்பிவிட்டார். பச்சை டிக் வந்தது.

"பார்த்தியா!"

மனைவி கைப்பேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்து, லேசாகச் சிரித்தாள். "ரொம்ப தேங்க்ஸ்ங்க. எவ்வளவு கஷ்டப்பட்டுட்டீங்க" என்றாள். குரலில் அப்படியொரு தேன். நம்மவர் உச்சி குளிர்ந்து போனார். அந்தத் தேனைக் கண்டு பயப்படும் அளவுக்கு அவருக்கு அனுபவம் இருந்தும், அன்று ஏனோ பயம் வரவில்லை.

"இப்போ புரியுதா, அந்த ரூம் ஏன் அவசியம்னு?"

"அதுதான் புரியலை. கெட்டது என் லேப்டாப். நீங்க உட்கார்ந்து சரி பண்ணினதும் என் லேப்டாப்ல, என் டைனிங் டேபிள்ல. இதுல உங்க மெஷின் எங்க வந்தது?"

நம்மவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் திட்டத்தில் இப்படியொரு ஓட்டை இருப்பதை அவர் கவனிக்கவே இல்லை.

"சனிக்கிழமை ஆசிரியர் வர்றதுக்கு முன்னாடி ரூமை மாத்திடலாம்" என்று அவள் எழுந்து போனாள். தேதியே குறித்துவிட்டாள்!

ஓட்டையை அடைக்க ஒரே வழிதான். இந்த முறை கெடுவது தன் மெஷினாகவே இருக்க வேண்டும். அதுவும் ஆசிரியர் வருகிற அன்றே கெட வேண்டும். அப்போதுதான் அவள் பதறுவாள், மெஷினுக்கும் மதிப்பு ஏறும்.

சனிக்கிழமை பிற்பகல். நம்மவருக்கு விடுமுறை. மனைவி டைனிங் டேபிளில் லேப்டாப்பில் கடைசிப் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். படங்களெல்லாம் நம்மவரின் மெஷினில் ஒரு வெளி டிஸ்க்கில் வந்து இறங்குவது வழக்கம். அந்த டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கினால் என்ன ஆகும்? 'டிஸ்க்கைக் காணோம்' என்று சின்க் அலறும். சிவப்பு விளக்கு எரியும். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டலாம். நம்மவர் கேபிளைப் பிடுங்கினார்.

சிவப்பு எரியவில்லை. குறி மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. சனியன் அலறாமல் முனகுகிறதே என்று மெஷினை ஒருமுறை அணைத்துப் போட்டார்.

இங்கேதான் விதி விளையாடியது. லினக்ஸில் வெளி டிஸ்க்குக்கு ஒரு வாசல் வைப்பார்கள். டிஸ்க் இருந்தால் வாசலைத் திறந்ததும் சாமானெல்லாம் தெரியும். டிஸ்க் இல்லாவிட்டாலும் வாசல் அப்படியே நிற்கும். திறந்தால் உள்ளே காலி. மெஷின் மறுபடி எழுந்ததும் சின்க் வாசலைத் திறந்து பார்த்தது. ஒரு படம்கூட இல்லை. 'ஓஹோ, எஜமான் எல்லாவற்றையும் அழித்துவிட்டார் போலிருக்கிறது, நாமும் எல்லா இடத்திலும் அழித்துவிடுவோம்' என்று அந்த விசுவாசமான மென்பொருள் வேலையில் இறங்கியது. 'இத்தனை கோப்புகளை அழிக்கிறோமே, நிச்சயம்தானா?' என்று அது ஒரு வார்த்தை கேட்டிருக்கும். அந்தக் கேள்வியை நம்மவர் எப்போதோ அணைத்து வைத்துவிட்டார். எச்சரிக்கையெல்லாம் விவரம் தெரியாதவர்களுக்கு என்பது அவருடைய சித்தாந்தம்.

டைனிங் டேபிளிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"என்னங்க! தவளை போச்சு!"

"என்ன?"

"தவளை! கண்ணு முன்னாடியே மறையுது! ஐயோ, தலைப்பிரட்டையும் போச்சு!"

நம்மவர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"மண்புழு போச்சு! பல்லு போச்சு! முன்பல்லு, கடைவாய்ப்பல்லு எல்லாம் போச்சு! என்னங்க, குடல் போகுது!"

நம்மவருக்கும் குடல் போயிற்று. பாய்ந்து ஓடினார். லேப்டாப் திரையில் வரிசையாக நின்ற படங்கள், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. கடைசியில் நின்ற ஒட்டகச்சிவிங்கியும் போயிற்று. திரை வெள்ளையாக இருந்தது. மூலையில் பளிச்சென்று ஒரு பச்சை டிக் வந்தது. எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். எல்லா இடமும் காலி.

மனைவியின் பட்டை கட்டிய கை மேஜைமேல் அப்படியே கிடந்தது. அதைப் பார்த்ததும் நம்மவருக்குப் பகீரென்றது. நடிப்பெல்லாம் எங்கோ ஓடிப்போய் உண்மையான பயம் வந்தது. பயத்தோடு வெட்கமும் வந்தது. ஓர் அறைக்காக இந்தக் கையின் உழைப்பையா அழித்தோம் என்று தன்னையே நொந்துகொண்டார்.

"நான் பார்த்துக்கறேன். பதறாத" என்றார். வழக்கமாக லிஃப்டுக்கு வெளியே நின்று சொல்கிற வார்த்தை. முதல்முறையாக உள்ளே மாட்டிக்கொண்டு சொன்னார்.

ஓடிப்போய் டிஸ்க்கைத் திரும்பச் செருகினார். அது 'டிக் டிக்' என்று நாக்கைத் தட்டியது. எழுதிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கிவிட்ட கோபம். படிக்க முடியவில்லை என்று கறுப்புத் திரையில் வரிவரியாக வந்தது. மேகத்தின் எந்த மூலையிலாவது ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டிருக்காதா என்ற நப்பாசையில், எல்லாவற்றையும் முதலிலிருந்து இழுத்துக்கொண்டு வா என்று சின்க்குக்கு ஆணை போட்டார். எதையும் கறுப்புத் திரையில் தட்டித்தான் அவருக்குப் பழக்கம். அந்த மேகத்துக்கு ஒரு வலைப்பக்கம் உண்டு, போனில் ஒரு ஆப் உண்டு என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் பொத்தானைத் தொட்டு வேலை வாங்குகிறவர்களை அவர் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை.

எதுவும் வரவில்லை. நம்மவர் தலையில் கை வைத்துக்கொண்டார். சற்று முன்புவரை கைப்பேசியும் கையுமாகச் சமையலறையில் இருந்த மனைவி, இப்போது அறை வாசலில் வந்து நின்றாள். அழுத முகமாகத் தெரியவில்லை. அதிர்ச்சியில் உறைந்துவிட்டாள் பாவம் என்று நம்மவர் நினைத்தார்.

"ஏங்க, ஏன் வர மாட்டேங்குது?"

"வைஃபை. இந்த ரூம் கடைசியில இருக்கா, சிக்னல் சுத்தமா இல்ல. அறுந்து அறுந்து போகுது."

"கேபிள்ல நேரா போட்டா?"

"போட்டா பறக்கும்! ஆனா ரவுட்டர் வாசல் பக்கத்துல, செருப்பு அலமாரிக்கு மேல இல்ல இருக்கு? அவ்வளவு நீளக் கேபிள் கிடையாது."

"அப்போ என்ன பண்றது?"

"மெஷினை அங்க கொண்டுபோகணும்."

"ஐயோ, அதை ஓர் அங்குலம் அசைக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே? அதுவும் உங்க ரூமை விட்டு..."

"ரூமா இப்போ முக்கியம்?" நம்மவர் உரக்கக் கத்தினார். "உன் படம்தாம்மா முக்கியம்! எனக்கு எதுக்கு ரூம்?"

"என்ன சொன்னீங்க?"

"எனக்கு எதுக்கு ரூம்னு சொன்னேன்!"

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அல்லது கண்ணில் எதுவோ விழுந்திருக்கலாம். "நீங்க தனியா தூக்க வேண்டாம். அண்ணனைக் கூப்பிடறேன்" என்று எதிர்வீட்டுக்குப் போனாள்.

எதிர்வீட்டு அண்ணன் மருந்துக்கடைக்காரர். தேக்கு மரத் தூண் மாதிரி ஆள். எந்த விஷயத்தையும் மருந்துக்கடைக் கண்ணோடுதான் பார்ப்பார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"என்ன தம்பி, பெட்டிக்கு என்ன பண்ணுது?"

"சின்க் ஆகலைண்ணே. எல்லாம் அழிஞ்சுபோச்சு."

"எப்போலேர்ந்து? சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"அண்ணே, தூக்குங்க."

கறுப்புப் பெட்டி போயிற்று. இரண்டு திரையும் போயிற்று.

"இதையெல்லாம் எதுமேல வைக்கிறது?" என்றாள் மனைவி. "செருப்பு மேலயா?"

"மேஜையும் வரணும்!" என்று கத்தினார் நம்மவர். மேஜை போயிற்று. நின்றுகொண்டே தட்டினால் தப்பு வரும் என்று அவரே சொன்னதால் சுழலும் நாற்காலி போயிற்று. கேபிள்கள் போயின. கெட்டுப்போன டிஸ்க்கைத் திறந்து பார்க்க வேண்டிவரும் என்று ஸ்க்ரூடிரைவர் அலமாரி போயிற்று.

"அந்த பெங்குவின் பொம்மை?" என்று கேட்டாள்.

"அது இல்லாம எனக்கு ஓடாது."

அதையும் அவளே பயபக்தியோடு எடுத்துவந்து மேஜைமேல் வைத்தாள். வாசலுக்கும் ஹாலுக்கும் நடுவே உள்ள நடையில், செருப்பு அலமாரியை ஒட்டி, நம்மவரின் ராஜ்ஜியம் இடம் பெயர்ந்து உட்கார்ந்தது. உள்ளே வருகிறவர்கள் வயிற்றை எக்கிக்கொண்டுதான் வர வேண்டும்.

"வசதியா உட்கார்ந்துட்டீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"உட்கார்ந்துட்டேன்."

"முதுகுக்குத் தலகாணி?"

"வேண்டாம்மா, நீ போ! என்னைத் தொந்தரவு பண்ணாத!"

அவள் போனாள். மருந்துக்கடை அண்ணனும் அவள் பின்னாலேயே போனார். நம்மவர் ரவுட்டரில் கேபிளைச் செருகினார், கைவிரல்களை நெட்டி முறித்தார், அதே ஆணையை மறுபடி தட்டினார்.

ஒரு தவளை வந்தது.

நம்மவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். தவளைதான். பச்சைத் தவளை. அதன் பின்னாலேயே தலைப்பிரட்டை. அதன் பின்னால் மண்புழு.

"வருது!" நம்மவரின் அலறலில் அலமாரியிலிருந்து ஒரு செருப்பு விழுந்தது. "வருதும்மா! பல்லு வருது! குடல் வருது! எல்லாம் வருது!"

"அப்படியா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கூடவே எதையோ நகர்த்தும் சத்தமும் வந்தது. நம்மவர் காதில் அது விழவில்லை. அவருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. கடைசியாக ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நீட்டிக்கொண்டு வந்து நின்றபோது எழுந்து நின்றே கை தட்டினார். வீழ்த்தியவனும் தானே, மீட்டவனும் தானே என்பதில் முதல் பாதியை மறந்துவிட்டார். இந்தச் சாதனைக்குப் பிறகு அந்த அறையைப் பற்றி எவர் வாய் திறக்க முடியும்?

ஒரு திரையைக் கையில் தூக்கிக்கொண்டு சின்ன அறையை நோக்கி வெற்றிநடை போட்டார். கதவைக் காலால் தள்ளினார்.

பேயறைந்தது போல நின்றார்.

ஜன்னலை ஒட்டி மனைவியின் வரைபலகை. அதன்மேல் குனிந்த விளக்கு. லேப்டாப். வருகிறவர் உட்கார இரண்டு நாற்காலி. பெங்குவின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்த சுவரில் இப்போது சிறுகுடல், காபி வளையம் விழுந்த அதே சிறுகுடல், நான்கு மூலையிலும் ஊசி குத்தித் தொங்கியது. மருந்துக்கடை அண்ணன் துடைப்பத்தோடு நின்று, "தூசு ஜாஸ்தி தங்கச்சி. தம்பிக்கு அலர்ஜி வராம இருந்ததே அதிசயம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"இது... இது என்ன?" என்றார் நம்மவர்.

"நீங்கதானே சொன்னீங்க, எனக்கு எதுக்கு ரூம்னு? அண்ணன்கூடக் கேட்டார்."

"காதுல விழுந்துச்சு தம்பி. எதிர்வீடு வரைக்கும் விழுந்துச்சு" என்றார் அண்ணன்.

"அது ஓர் ஆவேசத்துல சொன்னதும்மா! இப்போ எல்லாத்தையும் நான் மீட்டுட்டேனே!"

"நீங்களா மீட்டீங்க?" என்றாள் மனைவி, மிக மென்மையாக. கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

மேகத்தின் ஆப். அதில் நடந்ததெல்லாம் வரிசையாக, எழுத்துப் பிசகாமல் இருந்தது. 'எல்லாக் கோப்புகளும் அழிக்கப்பட்டன. அழித்தது: பெங்குவின் மெஷின்.' அதற்கு மேலே இன்னொரு வரி. 'எல்லாக் கோப்புகளும் குப்பைத்தொட்டியிலிருந்து மீட்கப்பட்டன. மீட்டது: கைப்பேசி.'

"முதல்ல எனக்கும் உயிரே போயிடுச்சு" என்றாள். "சமையல்கட்டுல நின்னு போனைத் திறந்தேன். அழிச்சதெல்லாம் இங்க இருக்கு, திரும்ப வேணுமான்னு அதுவே கேட்டுச்சு."

"அப்போவே வேணும்னு அமுக்க வேண்டியதுதானே!"

"உங்ககிட்ட காட்டிட்டு அமுக்கலாம்னுதான் வந்தேன். அதுக்குள்ள நீங்க ரூமை விட்டு வெளிய வர்றேன்னு சொன்னீங்க. அதான், நீங்க வசதியா உட்காரட்டும்னு காத்திருந்து அமுக்கினேன்."

நம்மவர் கையிலிருந்த திரையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

"அப்புறம்" என்று அவள் விரலால் திரையைக் கீழே தள்ளினாள். பூதம் செத்த அன்று காலை நடந்ததும் அங்கே இருந்தது. 'லேப்டாப்பில் ஒத்திசைவு நிறுத்தப்பட்டது. நிறுத்தியது: பெங்குவின் மெஷின்.' "பூதம் செத்துடுச்சுன்னு சொன்னீங்களே. நான் பல்லு தேய்ச்சுக்கிட்டு இருக்கும்போதே போன்ல வந்துடுச்சுங்க. யார் கொன்னாங்கன்னும் வந்துடுச்சு" என்று சிரித்தாள்.

மருந்துக்கடை அண்ணன் நம்மவரின் தோளில் தட்டினார். "வெறும் வயித்துல பொய் சொல்லக் கூடாது தம்பி" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தைச் சாத்திவைத்துப் போனார்.

நம்மவர் கையில் இருந்த திரையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பினார். நடையில் மேஜைமேல் அதை வைத்தார். நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். கோபம் வருமென்று பார்த்தார், வரவில்லை. அவள் கோபப்பட்டிருந்தாலாவது ஏதாவது பேசியிருக்கலாம். சிரித்துவிட்டாளே! சின்ன அறையில் விளக்குப் போடும் சத்தம் கேட்டது. கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

அந்தச் சமயம் பார்த்து வாசல் மணி அடித்தது. நம்மவர் எழுந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கை நீட்டிக் கதவைத் திறந்தார்.

கண்ணாடி போட்ட ஒருவர், கையில் தோல் பையோடு நின்றிருந்தார். வாசலை ஒட்டிய மேஜையைப் பார்த்தார். இரண்டு திரையைப் பார்த்தார். அதன் பின்னால் உட்கார்ந்திருக்கும் நம்மவரைப் பார்த்து மரியாதையாகக் கை கூப்பினார்.

"வணக்கம் சார். பதிப்பகத்துல இருந்து வர்றேன். ஆர்ட்டிஸ்ட் மேடத்தைப் பார்க்கணும். உங்ககிட்டதான் சொல்லணுமா?"

நம்மவர் அவரைப் பார்த்தார். சாத்திய கதவைப் பார்த்தார். பெங்குவின் பொம்மையைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"உட்காருங்க சார்" என்றார். "யார் வந்திருக்கிறதா மேடத்துக்கிட்ட சொல்லட்டும்?"